எங்கே தடவப் போறீங்க?

முன்கையின் உட்புறம் 1. உள்ளங்கால் 0.14. கணுக்கால் 0.42. உள்ளங்கை 0.83. முதுகு 1.7. தலை 3.5. அக்குள் 3.6. நெற்றி 6. தாடை ஓரம் 13. விதைப்பை 42.

என் மருந்துக் கடையின் அலமாரிக் கதவில், உள்பக்கமாக, கையால் எழுதி ஒட்டியிருக்கும் தாள் இது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அப்படியாவது மனதில் நிற்கும்.

ராபர்ட் ஃபெல்ட்மன், ஹோவர்ட் மெய்பாக் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1967-ல் வெளியிட்ட கணக்கு. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தில் கதிரியக்கக் கார்பனைச் சேர்த்து, உடம்பின் வெவ்வேறு இடங்களில் ஒரே அளவில் தடவினார்கள். அப்புறம் ஐந்து நாள் சிறுநீரைச் சேகரித்து, எவ்வளவு மருந்து தோலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது என்று அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தில் உள்ளே போனது, தடவியதில் வெறும் நூற்றுக்கு ஒரு பங்கு. அதை 1 என்று வைத்துக்கொண்டு மற்ற இடங்களை ஒப்பிட்டதுதான் மேலே உள்ள பட்டியல். உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான் நுழைகிறது. தாடை ஓரத்தில் 13 மடங்கு. மருந்து ஒன்று, அளவு ஒன்று, ஆளும் ஒருவர்தான். இடம் மாறியதும் கணக்கு இப்படி ஆகிறது.

இந்தத் துறையின் பழைய அறிவில் கொஞ்சம் அசிங்கமும் கலந்திருக்கிறது. 1960, 70-களில் கலிஃபோர்னியாவின் ஒரு சிறை மருத்துவமனையில், மெய்பாக்கும் இன்னொரு மருத்துவரும் குறைந்தது 2,600 கைதிகள் மேல் பரிசோதனைகள் செய்ததை அவர்களுடைய பல்கலைக்கழகமே 2022-ல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. தோலைப் பற்றி இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிற பல விஷயங்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்களின் முதுகிலிருந்து வந்தவை. பட்டியலைப் பயன்படுத்துகிறேன். அதன் பின்னணியையும் பையன்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

சரி, இது ஏன் என் அலமாரியில்? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு டியூப்தான். தாத்தாவின் காலில் பல வருஷமாகத் தடித்துக் கறுத்துப்போன கரப்பான். டாக்டர் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தருகிறார். அது அந்த இடத்துக்குச் சரியான மருந்து. கால் தோல் தடிமன், அதிலும் கரப்பான் வந்து இன்னும் தடித்தது. அங்கே மென்மையான மருந்து போட்டால் உள்ளேயே இறங்காது. பத்து நாளில் தாத்தாவுக்குக் குணமாகிவிடும். டியூப்பில் பாதி மீதம் இருக்கும், அதைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? மருமகள் கன்னத்து மங்குக்குத் தடவிப் பார்ப்பார். பேரனுக்கு டயப்பர் போட்ட இடத்தில் சிவந்திருந்தால் அங்கேயும் கொஞ்சம். மகனுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை, அவர் தன் பங்குக்கு. மூன்றே நாளில் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். ஸ்டீராய்டு அப்படித்தான், அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கும். ஆனால் தாத்தாவின் காலுக்குக் கணக்குப் போட்ட மருந்து இப்போது பல மடங்கு உறிஞ்சும் இடங்களுக்குப் போயிருக்கிறது.

“அண்ணாச்சி, அந்தப் பழைய டியூப்பே ஒண்ணு குடுங்க, நல்லா கேட்டுச்சு” என்று காலி அட்டையை நீட்டுவார்கள். “எங்கே தடவப் போறீங்க?” என்று கேட்டால், சிலருக்குக் கோபம் வரும்.

முகத்தில் ஸ்டீராய்டு தொடர்ந்து போனால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். பரு கிளம்பும். தாடையிலும் கன்னத்திலும் பூனை முடி அடர்த்தியாகும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். அதற்குப் பயந்தே மறுபடி தடவுவார்கள். இந்திய மருத்துவமனைகள் பல சேர்ந்து செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தவர்கள். ஏழு பேருக்கு ஒருவர். அதற்கு ஒரு பெரிய காரணம் சிவப்பழகு ஆசை, அதை மறைத்துப் பேசி என்ன பயன். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை ஹெச் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதாவது, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

தொடை இடுக்கு இன்னும் மோசம். அங்கே தோலோடு தோல் ஒட்டியே கிடக்கிறது, வியர்வை காய்வதில்லை. மேலே பிளாஸ்டிக் சுற்றியதற்குச் சமம். மூடி வைத்த தோலில் மருந்து பத்து மடங்கு வரை கூடுதலாக இறங்கும் என்பதும் அதே ஆய்வாளர்கள் காட்டியதுதான். டயப்பரும் அப்படியே. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் போட்டால், அரிப்பு அடங்கிப் பூஞ்சை மட்டும் உள்ளே சுகமாகப் பரவும். பிரசவம் ஆன பெண்ணின் வயிற்றில் விழும் கோடுகள், இருபது வயதுப் பையனின் உள்தொடையில் விழுந்து நான் பார்த்திருக்கிறேன். பூஞ்சை போய்விடும், அந்தக் கோடுகள் போகாது.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். பாதத்துக்கென்று செய்த மருந்துகள் உண்டு. விட்ஃபீல்டு களிம்பு என்று ஒரு பழைய மருந்து, பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்தது. உள்ளங்காலின் தடித்த தோலை உரித்துப் பூஞ்சையைப் போக்கும். விலையும் மலிவு. இதையே தொடை இடுக்கில் தடவிவிட்டுத் துள்ளிக் குதித்தவர்கள் எங்கள் ஊரில் குறைச்சல் இல்லை. உடனே கடைக்கு வந்து, மருந்து போலி என்று சண்டை பிடிப்பார்கள்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் உடம்பில் தனி ரகம். மேல்தோல் அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் வரை தடிக்கும். கண்ணிமையில் அது 0.05 மில்லிமீட்டர் அளவுதான். முப்பது மடங்கு வித்தியாசம். உள்ளங்கை, உள்ளங்காலில் முடி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பிகளும் கிடையாது. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்கமாக உண்டு. அதிலும் உள்ளங்கை வியர்ப்பது பெரும்பாலும் வெயிலால் அல்ல, பதற்றத்தால். பரீட்சை ஹாலில் நனைகிற கை, வயலில் நிற்கும்போது அப்படி நனையாது. எண்ணெய் சுரக்காததால்தான் குதிகாலில் பித்த வெடிப்பு வருகிறது. பெயரில் பித்தம் இருக்கிறதே தவிர, செருப்பில்லாத நடையும் வறட்சியும் உடம்பின் எடையும்தான் அதில் பெரிய பங்கு. ராத்திரி காலை ஊற வைத்து, யூரியா கலந்த கிரீமைத் தடவி, காலுறை போட்டுக்கொண்டு படுத்தால் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். “காலுக்குப் போய் கிரீமா?” என்று சிரிக்கிற ஆண்கள்தான் அதிகம்.

மருந்துக் கம்பெனிகளுக்கு இந்த இடக் கணக்கு நன்றாகத் தெரியும். பயணத்தில் குமட்டல் வராமல் இருக்க ஸ்கோபலமைன் பட்டையைக் காதுக்குப் பின்னால் ஒட்டச் சொல்வது, அங்கே மருந்து சுலபமாக உள்ளே போவதால்தான். கையில் ஒட்டினால் அந்த அளவு இறங்காது.

இதுவரை சொன்னது இடம். வயது இன்னொரு கணக்கு. பச்சைக் குழந்தையில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

மூன்று கிலோக் குழந்தைக்குத் தோலின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். அறுபது கிலோ ஆளுக்கு ஒன்றே முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடையோடு வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு கிலோவுக்கும் குழந்தையிடம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு தோல் இருக்கிறது. அதனால் தோல் வழியே உள்ளே போகும் எதுவும் அந்தச் சின்ன உடம்பில் அடர்த்தியாகச் சேரும். பரப்பு பிரிந்திருக்கும் விதமும் வேறு. பெரியவருக்குத் தலையும் கழுத்தும் மொத்தத் தோலில் 9 சதவீதம் என்றால், பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு. தீக்காயப் பிரிவுகளில் குழந்தைகளுக்கென்று தனி வரைபடம் வைத்திருப்பது இதனால்தான்.

1972-ல் ஃபிரான்ஸில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கான ஒரு டால்கம் பவுடரில், தயாரிப்பில் நேர்ந்த தவறால், ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி 6 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றார்கள், 36 குழந்தைகள் இறந்துபோனார்கள். யாரும் எதையும் குடிக்கக் கொடுக்கவில்லை. டயப்பர் மாற்றும்போது தொடையிலும் பிட்டத்திலும் தூவியதுதான். அங்கே ஏற்கெனவே சிவந்து புண்ணாகியிருந்த தோல் விஷத்தை இன்னும் வேகமாக உள்ளே விட்டது. பவுடர்தானே, மேலேதானே போடுகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 36 தான் நினைவுக்கு வரும். ஜலதோஷத்துக்குக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவ, கற்பூரம் கலந்த தைலம் கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. இரண்டு வயதுக்குக் கீழே அது வேண்டாம்.

பிறந்த குழந்தையின் மேல் வெண்ணெய் பூசினாற்போல் ஒரு படலம் இருக்கும். அதில் 80 சதவீதம் தண்ணீர், மீதி கொழுப்பும் புரதமும். அதை அழுக்கு என்று தேய்த்துக் கழுவும் அவசரம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. முதல் குளியலைப் பிறந்து 24 மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை குளிர்ந்துபோகாமல் இருக்க அது உதவும், படலமும் தன் வேலையைச் செய்ய அவகாசம் கிடைக்கும். பெரியவர்களின் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. 1928-லேயே ஷாடே, மார்கியோனினி என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதைப் பற்றி எழுதி, அமிலப் போர்வை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பிறந்த குழந்தைக்கு அந்த அமிலத்தன்மை இன்னும் வந்திருக்காது, முதல் சில வாரங்களில்தான் படிப்படியாக உருவாகும். நாம் துணிக்கும் உடம்புக்கும் போடும் சாதாரண சோப்பு இதற்கு நேர் எதிரான காரம். முதல் மாதத்தில் குழந்தைக்குத் தினமும் சோப்பு எதற்கு? வெறும் வெந்நீர் போதும்.

எண்ணெய் விஷயத்தில் ஆச்சிகளோடு எனக்குச் சண்டை இல்லை. டாக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமிக் காய்ச்சல் 41 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் எழுதினார்கள். குறைமாதக் குழந்தையின் மேல்தோல் முழுதாகத் தயாராகியிருக்காது, எண்ணெய் அந்தக் குறையைக் கொஞ்சம் அடைத்தது. எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைத் தளர்த்துவதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. விலை அதிகம் என்பதற்காக அதை வாங்கிக்கொண்டு போகிற இளம் அப்பாக்களிடம் இதைச் சொன்னால், நான் ஏதோ கஞ்சத்தனத்துக்குச் சொல்வதாக நினைக்கிறார்கள்.

வயது குறைவாக இருப்பது நல்லதாக முடிகிற இடமும் ஒன்று உண்டு, அது காது. எங்கள் பக்கம் முதல் வருஷத்துக்குள் மொட்டை போட்டுக் காது குத்திவிடுவார்கள். கல்யாண வயதில் இரண்டாவது, மூன்றாவது துளை போட்டுக்கொள்ளும் பெண்களில் சிலருக்குக் காதில் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தழும்பு வளர்ந்து நிற்கும். கெலாய்டு என்பார்கள். நெஞ்சின் நடுவே, தோள்பட்டை, மேல்முதுகு, காது, இவைதான் அது விரும்பி வரும் இடங்கள். கண்ணிமையில் வெட்டித் தைத்தாலும் அநேகமாக வராது. இதிலும் இடம்தான். கறுத்த தோலில் இது கூடுதலாக வரும். 2005-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 11 வயதுக்குப் பிறகு காது குத்தியவர்களிடம் இது மிகவும் அதிகம் என்றது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் குடும்பத்தில் யாருக்காவது அப்படித் தழும்பு இருந்தால், காதுகுத்தைத் தள்ளிப் போடாதீர்கள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

காது என்றால் பாம்படம் நினைவுக்கு வராத தெற்கத்திக்காரர் உண்டா? என் ஆச்சிக்குக் காதுச் சோணை ஏறக்குறைய தோளைத் தொடும். சின்ன வயதில் குத்தி, துளையில் பஞ்சு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏற்றி வளர்த்த காது. சோணையில் குருத்தெலும்பு கிடையாது, வெறும் தோலும் கொழுப்பும். வளரும் பருவத்துத் தோல், மெதுவாக இழுத்தால் கிழியாமல் புதிதாகத் திசு சேர்த்துக்கொண்டே நீளும். அதே கனத்தை நாற்பது வயதுக் காதில் மாட்டினால் அறுந்துவிடும். கம்மல் துளை நீண்டுபோய், காதில் ஒட்டிக்கொள்ள டேப் கேட்டு வரும் பெண்கள் என் கடைக்கு இன்றும் உண்டு.

சோணையைப் பற்றி இன்னொன்று. தொழுநோய்ப் பரிசோதனைக்கு அங்கேதான் லேசாகக் கீறித் திசு எடுப்பார்கள். அந்தக் கிருமிக்கு உடம்பின் உள்சூடு ஆகாது. காது, மூக்கு, கை கால் என்று குளிர்ச்சியான ஓரங்களில்தான் குடியிருக்கும். அக்குளையும் தொடை இடுக்கையும் அது பொதுவாகத் தொடாது. ஒரு பாக்டீரியாவுக்குத் தெரிந்த இட வித்தியாசம் நம் களிம்பு விளம்பரங்களுக்குத் தெரியவில்லை.

வாலிப வயதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது எண்ணெய். பிறந்த புதிதில் அம்மாவின் ஹார்மோனால் கொஞ்சம் சுரந்து, அப்புறம் ஏழெட்டு வயது வரை அடங்கிக் கிடந்து, பதின்மத்தில் பொங்கும். நெற்றி, மூக்கு, நெஞ்சு, மேல்முதுகு. பரு அங்கே வருகிறது, தேமலும் அங்கேயேதான் வருகிறது, ஏனென்றால் தேமல் பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டும் படர்தாமரை பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கே வருவதற்கும், வயது வந்ததும் குறைவதற்கும் இதே எண்ணெயைத்தான் காரணமாகச் சொல்வார்கள். சிரங்குப் பூச்சிக்கும் வயது பார்க்கும் குணம் உண்டு. பெரியவர்களுக்கு விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று கழுத்துக்குக் கீழேதான் வரும், முகத்தை விட்டுவிடும். கைக்குழந்தைக்கு முகம், தலை, உள்ளங்கால் எல்லாம் வரும். அதனால் பெரியவருக்கு மருந்தைக் கழுத்திலிருந்து கால்வரை என்றால், குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் விட்டுத் தலையிலிருந்தே போட வேண்டும். இதை டாக்டரோ கடைக்காரரோ சொல்லாமல் விட்டால், வீடு முழுக்க மறுபடி சொறிவார்கள்.

இந்த இட வித்தியாசம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாளாகப் பிடித்த கேள்வி. நடப்பதால் உள்ளங்கால் தடிக்கிறது, வெயில் படாததால் உள்ளங்கை வெளுக்கிறது என்று நினைப்போம். அது ஓரளவுதான் சரி. தீயில் வெந்த உள்ளங்கைக்கு இடுப்பு மடிப்பிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தால், பல வருஷம் ஆனாலும் அது உள்ளங்கைத் தோலாக மாறாது. கறுத்தே இருக்கும், சில சமயம் முடிகூட முளைக்கும். அதனால்தான் முகத்துக்கு ஒட்டுப் போட வேண்டுமானால், முடிந்தவரை காதுக்குப் பின்னாலிருந்தோ கழுத்தோரத்திலிருந்தோ எடுப்பார்கள். நிறமும் தன்மையும் பக்கத்துத் தோலோடு ஒத்துப்போகும். 1959-ல் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற மருத்துவர் பின்னந்தலை முடியை வேரோடு எடுத்து வழுக்கையில் நட்டுக் காட்டினார். முன்னந்தலைக்குப் போன பிறகும் அது பின்னந்தலை முடியாகவே இருந்தது, கொட்டவில்லை. இன்று லட்சக்கணக்கில் செலவழித்து முடி நட்டுக்கொள்ளும் தொழில் முழுக்க இந்த ஒரு பிடிவாதத்தில்தான் ஓடுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் சாங் குழுவினர் உடம்பின் பற்பல இடங்களிலிருந்து உள்தோல் செல்களை எடுத்து வளர்த்தார்கள். ஒரு செல் உடம்பின் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை, அது எந்தெந்த மரபணுவை இயக்குகிறது என்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று 2006-ல் எழுதினார்கள். மேலே, கீழே, உடம்புக்குப் பக்கம், தூரம் என்று விலாசம் உள்ளேயே இருக்கிறது. உள்ளங்கையில் இருக்கும் இந்த உள்தோல் செல்கள், நிறம் தரும் செல்களை அடக்கிவைக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. எவ்வளவு கறுப்பான ஆளுக்கும் உள்ளங்கை வெளிறி இருப்பது அதனால்.

பிறப்பில் வந்த விலாசத்தின் மேல் வெயில் தன் கணக்கை எழுதுகிறது. 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. முகத்தின் வலது பாதி அவர் வயதுக்கு. கண்ணாடி ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி தடித்துச் சுருங்கி இருபது வருஷம் மூத்தது போலிருந்தது. கண்ணாடி ஒரு வகைப் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும், சுருக்கம் தரும் இன்னொரு வகை உள்ளே வந்துவிடும். நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம். எங்கள் பஸ் ஸ்டாண்டு டிரைவர்களின் வலது கையையும் இடது கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும், படமே தேவையில்லை. எழுபது வயது ஆச்சியின் மேல்கை உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், எவ்வளவு வழவழப்பு. அதே ஆச்சியின் புறங்கை? இரண்டுக்கும் வயது ஒன்றுதான். வெயிலைக் கழித்துவிட்டு வயதை மட்டும் அளக்க நினைக்கும் ஆய்வாளர்கள் பிட்டத்துத் தோலைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பாவம், அவர்களுக்கும் வேறு வழியில்லை.

முதுமையைப் பற்றி நாம் நினைப்பது பாதிதான் சரி. வயதானால் தோல் மெலிகிறது, அதனால் மருந்து தாறுமாறாக உள்ளே போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1989-ல் வந்த ஓர் ஆய்வில் ஹைட்ரோகார்டிசோன், காஃபீன் போன்றவை முதியவர் தோலில் குறைவாகவே இறங்கின. மேலே இருக்கும் இறந்த அடுக்கு அவ்வளவாக மெலிவதில்லை. அதில் ஈரமும் கொழுப்பும் குறைந்துவிடுவதால், தண்ணீரில் கரையும் மருந்துகளுக்கு அது இன்னும் வறண்ட பாதை. பலவீனம் அதற்குக் கீழே. மேல்தோலும் உள்தோலும் இளமையில் விரல் கோத்ததுபோல் மேடும் பள்ளமுமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வயதாக ஆக அந்த மேடுபள்ளம் தட்டையாகிவிடும். உள்தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும் வருஷத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைந்துகொண்டே போகும். அதனால் எண்பது வயதுத் தோல் குத்தினால் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் தாங்காது. ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்டரைச் சின்னப் பையனுக்கு உரிப்பது மாதிரி வெடுக்கென்று உரித்தால் தோலும் கூடவே வந்துவிடும். டேப்பைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மடக்கி மடக்கித் தோலோடு ஒட்டினாற்போல எடுக்க வேண்டும். முதியவர்களைப் படுக்கையில் நகர்த்தும்போதும் இழுக்காமல் தூக்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பவர்கள் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

கிள்ளிப் பார்க்கும் சோதனையும் அப்படி. வயிற்றுப்போக்கில் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டு, பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் எடுத்தால், உடம்பில் தண்ணீர் அபாயமாக வற்றிவிட்டது என்று பொருள். அதையே தாத்தாவின் புறங்கையில் செய்தால், மோர் இரண்டு சொம்பு குடித்த பிறகும் தோல் கூடாரமாகத்தான் நிற்கும். மீள்தன்மை போன இடம் அது. முதியவருக்கு நெற்றியிலோ நெஞ்செலும்பின் மேலேயோ பார்ப்பது கொஞ்சம் தேவலை.

என் கடைக்கு வரும் எழுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோரின் புகார் அரிப்பு. சுகரா, ரத்தம் கெட்டுவிட்டதா என்று பயந்துபோய் வருவார்கள். சுகர், சிறுநீரகம், கல்லீரல் என்று பார்க்க வேண்டிய காரணங்கள் உண்டுதான். அதெல்லாம் சரியாக இருந்தால், முழங்காலுக்குக் கீழே வேட்டியைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். வறண்ட குளத்து மண் மாதிரி விரிசல் விட்டிருக்கும். கெண்டைக்கால் முன்பக்கம் எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பிலேயே குறைவு, வயதில் அதுவும் அடங்கிவிட்டது. அதன்மேல் தினமும் இரண்டு வேளை கொதிக்கக் கொதிக்க வெந்நீர், கிருமியைக் கொல்லும் சோப்பு. அரிக்காமல் என்ன செய்யும்? களிம்பு விற்பதைவிட இந்த இரண்டையும் நிறுத்தச் சொல்வதுதான் என் முதல் வைத்தியம். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம், இவற்றுக்குப் போதும். மற்ற இடத்துக்குத் தண்ணீர். துடைத்து ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாஸலினோ.

களிம்பு கட்டாயம் வேண்டுமென்றால் அளவுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்கு டியூப்பிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். 1991-ல் பிரிட்டனில் இரண்டு பேர் அளந்து சொன்ன கணக்கு இது. முதல் முறை வாங்குபவர்களுக்கு விரலைக் காட்டச் சொல்லிப் பேனாவால் கோடு போட்டே அனுப்புகிறேன்.

என் அம்மாவுக்கும் கால் அரிப்புதான். எண்பதைத் தாண்டியவர். சோப்புக் கணக்கைச் சொன்னேன், முழங்காலுக்குக் கீழே வேண்டாம் என்று. “அப்போ காலு மட்டும் குளிக்காம கெடக்கணுமாக்கும்?” என்றார். பாதத்துக்குப் போடலாம், கெண்டைக்காலுக்குத்தான் வேண்டாம் என்று விளக்கினேன். ஊருக்கெல்லாம் இப்படித்தான் வைத்தியம் பார்க்கிறாயா என்று கேட்டார். இப்போது சோப்பை நான்தான் எடுத்து வைக்கிறேன், எண்ணெய்க் கிண்ணத்தை அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். அரிப்பு குறைந்திருக்கிறது. காரணம் கேட்டால் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல்கிறார்.